‘உள்ளூர் அங்கன்வாடி’ எந்த ஊரில் இருக்கிறது?

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் யாரும் அதிகம் கவனிக்காத ஒரு சொல் இருக்கிறது. கருவுற்ற பெண்களுக்கும் பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆகாத தாய்மார்களுக்கும் இலவச உணவை உரிமையாக்குகிறது 4ஆம் பிரிவு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அதே உரிமையை 5ஆம் பிரிவு தருகிறது. இரண்டு பிரிவுகளும் அந்த உணவு ‘உள்ளூர் அங்கன்வாடி’ வழியாகக் கிடைக்க வேண்டும் என்கின்றன. அங்கன்வாடி என்றால் என்ன என்பதற்குச் சட்டத்தில் வரையறை உண்டு. ‘உள்ளூர்’ என்றால் என்ன என்பதற்கு இல்லை.

சட்டத்தை வரைந்தவர்களுக்கு அது விளக்கம் தேவைப்படாத சொல்லாகத் தோன்றியிருக்கலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அது அப்படி அல்ல. இங்கே ‘ஊர்’ என்பதே கிராமத்தின் ஒரு பாதியின் பெயர். மற்றொரு பாதிக்குக் காலனி என்று பெயர். அதற்கு முன்பு சேரி. ஒரே ஊராட்சி, ஒரே வருவாய்க் கிராமம், ஒரே வாக்காளர் பட்டியல். ஆயினும் காலனியில் இருப்பவர் கடைக்குப் புறப்படும்போது ‘ஊருக்குள் போய் வருகிறேன்’ என்றுதான் சொல்கிறார். அவருடைய உள்ளூர் எது? சட்டம் வாக்களித்த உணவு எந்தத் தெருவில் வழங்கப்பட வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடாமல் அரசின் குடும்பநலச் சேவைகளில் பாகுபாடின்மை பற்றிப் பேசுவது வீண் என்று கருதுகிறேன். அந்த எண்ணத்துக்கு என்னைக் கொண்டுசேர்த்தது ஒரு சிறிய மனு.

வட மாவட்டம் ஒன்றின் காலனியில் வாழும் ஒரு தாயின் மனு அது. அவருக்கு முப்பத்தைந்து வயது. சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர். இரண்டு ஊன்றுகோல்களின் துணையுடன் வீட்டைச் சுற்றி நடப்பார். சிறிது தொலைவுக்குமேல் முடியாது. இரண்டாவது குழந்தைக்கு ஒன்றரை வயது. அங்கன்வாடி ஊர்த்தெருவில் இருக்கிறது. அங்கே போக வேண்டுமானால் காலனியின் மண்பாதையைத் தாண்டி, தார்ச்சாலையைக் கடந்து, கோயில் இருக்கும் தெரு வழியாகச் செல்ல வேண்டும். வாசலில் நான்கு படிகள். கைப்பிடி இல்லை, சாய்தளம் இல்லை. நீண்ட காலமாகப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் இவருடைய குழந்தைக்கான சத்துமாவுப் பொட்டலத்தையும் சேர்த்து வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ‘போஷன் டிராக்கர்’ செயலியில் பயனாளியின் முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்த்த பிறகே வீட்டுக்கான உணவுப் பொட்டலத்தை வழங்கும் முறையை ஒன்றிய அரசு 2025 ஜூலை முதல் வலியுறுத்தத் தொடங்கியதும் அந்த ஏற்பாடு நின்றுபோனது. முகம் நேரில் வர வேண்டும். முகத்தைக் கொண்டுவரக் கால்கள் வேண்டும்.

அங்கன்வாடிப் பணியாளர் கெட்டவர் அல்லர். ஒரு வழி கண்டுபிடித்தார். மாதத்துக்கு ஒருமுறை தார்ச்சாலை ஓரத்து மதகு வரை இவர் வந்துவிட்டால், அவர் கைபேசியோடும் பொட்டலத்தோடும் அங்கே வந்து நிற்பார். காலனிக்குள் ஏன் வருவதில்லை என்று நான் கேட்டபோது, ‘அதெல்லாம் வழக்கமில்லீங்க’ என்றார். வழக்கமில்லை என்பதற்குமேல் அவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. தாயிடம், இப்படி மதகில் நின்று வாங்குவது உங்கள் சாதிக்காகவா, காலுக்காகவா என்று ஒரு வழக்கறிஞருக்கே உரிய அசட்டுத்தனத்தோடு கேட்டேன். ‘அதெப்படி சார் பிரிச்சு சொல்றது? ரெண்டும் எங்கூடத்தானே இருக்குது’ என்றார்.

மனு மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர் நாளில் அளிக்கப்பட்டது. அது மூன்று அலுவலகங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டு, மூன்று பதில்கள் வந்தன. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், மனுதாரர் விண்ணப்பித்தால் மூன்று சக்கர வண்டி வழங்கப் பரிசீலிக்கப்படும் என்றது. ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலிருந்து, சாதிப் பெயரைச் சொல்லி யாரேனும் இழிவுபடுத்தினார்களா, அப்படியானால் அவர் பெயர் என்ன, நாள் என்ன என்று கேட்டார்கள். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகமோ மையம் நடைமுறையில் உள்ள அளவுகோல்களின்படியே இயங்குவதாகவும் பயனாளிக்கு மாதந்தோறும் பொட்டலம் வழங்கப்பட்டு வருவதாகவும் எழுதியது. மூன்றுமே பொய்யில்லை. வண்டி கிடைக்கக்கூடும். யாரும் திட்டவில்லை. பொட்டலமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் மனுவின் பொருளை, அதாவது மையம் ஏன் அங்கே இருக்கிறது என்பதை, மூவரில் எவரும் தொடவில்லை. அது எவருடைய கோப்பிலும் இல்லை.

குற்றவாளி இல்லாத குற்றம்

நம்முடைய சட்டப் போராட்டங்கள் பெரும்பாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. அதற்குத் தக்க காரணம் உண்டு. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வடிவத்தில், 3(1)(இசட்ஏ) பிரிவு மிகத் தெளிவானது. கல்வி நிலையம், மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், கடை அல்லது வேறு எந்தப் பொது இடத்தையும் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. அதற்கு முந்தைய 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், முழுவதுமோ பகுதியோ அரசுப் பணத்தில் நடக்கும் பொது நோக்கத்துக்கான எந்த இடத்தையும் தீண்டாமையின் பெயரால் பயன்படுத்த விடாமல் தடுப்பதைத் தண்டிக்கிறது.

இவை வேலை செய்யும் இடங்கள் உண்டு. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் தலித் பெண் சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் திரண்டபோது, அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடமாற்றம் செய்ததுதான். போராட்டத்துக்குப் பிறகே ஆணை திரும்பப் பெறப்பட்டது; வன்கொடுமை வழக்கும் பதிவானது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்தில் அதே கதை நடந்தபோது மாவட்ட ஆட்சியர் பள்ளிக்கே நேரில் சென்று தலையிட்டார். இரண்டிலும் மறுத்தவர்களுக்கு முகம் இருந்தது, வாய் இருந்தது, சொன்ன சொல் இருந்தது. எனவே முதல் தகவல் அறிக்கைக்கும் எச்சரிக்கைக்கும் இடமிருந்தது.

ஒரு கட்டடம் நிற்கும் இடத்துக்கு அப்படி முகம் கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஊராட்சியில் யாரோ ஒருவர் நிலம் கொடுத்தார். அது ஊர்த்தெருவில் இருந்தது. மையம் அங்கே எழும்பியது. அன்று தீர்மானத்தில் கையொப்பமிட்டவர்களில் பாதிப்பேர் இன்று உயிரோடு இல்லை. யாரை முதல் எதிரியாகக் காட்டுவது? ‘பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்தே தடுத்தார்’ என்று யாரைப் பற்றி எழுதுவது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒரு செயலையும் செய்தவரையும் கேட்கிறது. அவமதித்த நாக்கை அது பிடித்துவிடும். அமைதியாக நிற்கும் சுவரை அதனால் பிடிக்க முடியாது. சாதியோ பெரும்பாலான நாட்களில் நாக்காக வருவதில்லை. கட்டடமாக, பாதையாக, ‘வழக்கமில்லீங்க’வாக வருகிறது.

இதைச் சுக்தேவ் தோரட்டும் ஜோயல் லீயும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே அளந்து காட்டினார்கள். தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களின் 531 கிராமங்களில் நடந்த ஆய்வின் அடிப்படையில் 2005இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, மதிய உணவுத் திட்டத்திலும் நியாய விலைக் கடைகளிலும் பாகுபாட்டைத் தேடியது. அவர்கள் கேட்ட முதன்மைக் கேள்விகளில் ஒன்று, சேவை வழங்கப்படும் இடம் எந்தச் சாதிக் குடியிருப்பில் இருக்கிறது என்பது. எளிய கேள்விதான். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. இதே கேள்வியை அவற்றின்மேல் வைத்து, ஊரில் எத்தனை, காலனியில் எத்தனை என்று மாவட்டவாரியாகக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போட எந்த மாணவர் அமைப்புக்கும் ஒரு மாலைப்பொழுதுக்குமேல் ஆகாது.

நீதிமன்றம் இந்தக் கேள்வியை ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் இயன்ற விரைவில் அங்கன்வாடி அமைக்க வேண்டும். அவை முழுமையாக வரும்வரை புதிய மையங்களை இம்மக்கள் மிகுதியாக வாழும் பகுதிகளில்தான் திறக்க வேண்டும் என்று 2004 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2006 டிசம்பர் 13 ஆணை அதைவிட ஒரு படி மேலே போனது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து, மையம் இல்லாத எந்தக் குடியிருப்பும் கோரிக்கை வைத்த மூன்று மாதங்களுக்குள் அங்கன்வாடி பெறும் உரிமை உடையது என்றது. இந்த இரண்டு ஆணைகளிலும் நீதிமன்றம் யார் யாரைத் திட்டினார் என்று கேட்கவில்லை. கட்டடம் எங்கே என்று மட்டும் கேட்டது.

2017 பிப்ரவரியில் அவ்வழக்கு முடித்துவைக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டதால் இனி வழக்கு தேவையில்லை என்பது காரணம். ஆனால் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது ‘உள்ளூர் அங்கன்வாடி’ என்ற சொற்றொடர் மட்டும்தான். ‘பட்டியல் சாதிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை’ என்ற பகுதி வரவில்லை. ஆணையாக இருந்ததில் பாதி சட்டமாகும்போது உதிர்ந்துபோனதை நம் தரப்பிலும் அப்போது யாரும் உரக்கச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

டிஸெபிலிட்டி என்ற சொல்

இங்கேதான் மற்றொரு சட்டத்தின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. தலித் இயக்கத்தவர் பலர் அதை நலத்திட்டச் சட்டம் என்று நினைத்து ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அது அப்படியல்ல.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, குற்றவாளியைத் தேடுவதிலிருந்து தொடங்கவில்லை, கடமையிலிருந்து தொடங்குகிறது. நியாயமான இணக்க ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று வரையறையிலேயே சொல்லிவிடுகிறது. உள்நோக்கம் இருந்ததா என்ற கேள்வி எழுவதில்லை. படிக்கட்டுக்கு உள்நோக்கம் இல்லை. ஆனாலும் அது பாகுபாடுதான். 45ஆம் பிரிவின்படி, பொதுக் கட்டடங்கள் அனைத்தும் விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்றப்பட்டிருக்க வேண்டும். விதிகள் 2017 ஜூன் 15 அன்று வெளியாயின. கெடு 2022 ஜூனில் முடிந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள், பள்ளிகள் போன்ற இன்றியமையாச் சேவைக் கட்டடங்களுக்கு முன்னுரிமைத் திட்டம் வகுத்து வெளியிட வேண்டும் என்றும் அதே பிரிவு அரசையும் உள்ளாட்சிகளையும் பணிக்கிறது. குழந்தைக்கு முதல் உணவும் முதல் எழுத்தும் தரும் இடம் இன்றியமையாச் சேவை இல்லையென்றால் வேறு எது?

ஒன்றிய அரசின் விதிகள் இந்தக் கடமையை வெறும் பரிந்துரைகளாக நீர்த்துப்போகச் செய்திருந்தன. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தொடர்பான 15ஆம் விதி தாய்ச்சட்டத்துக்கே முரணானது என்று கூறி அதைச் செல்லாததாக்கியது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்ச விதிகளை மூன்று மாதங்களில் வகுக்கவும் ஆணையிட்டது. அணுகல் என்பது விருப்பம் இருந்தால் செய்யும் தருமம் அல்ல என்பதை இனி எந்த அதிகாரியிடமும் தீர்ப்பைக் காட்டிச் சொல்லலாம்.

ஆயினும் இச்சட்டத்தின் பார்வையில் ஒரு குருட்டுப்புள்ளி இருக்கிறது. அது வாசலில் தொடங்கி உள்ளே பார்க்கிறது. சாய்தளத்தின் சரிவு என்ன, கைப்பிடியின் உயரம் என்ன, கழிப்பறைக் கதவின் அகலம் என்ன என்று அளக்கிறது. அந்த வாசலுக்கு வரும் தெரு யாருடையது என்று அது கேட்பதில்லை. ஊர்த்தெரு அங்கன்வாடியில் நாளையே ஓர் அழகான சாய்தளம் கட்டப்படலாம். தணிக்கை அறிக்கையில் அது ‘அணுகத்தக்க கட்டடம்’ ஆகிவிடும். காலனியிலிருந்து மூன்று சக்கர வண்டியில் கோயில் தெரு வழியாக ஒரு தலித் பெண் அங்கே வரமுடியுமா என்பது தணிக்கைப் படிவத்தில் ஒரு பத்தியாக இல்லை.

ஆக, ஒரு சட்டத்துக்கு இடம் தெரியாது, ஆள் வேண்டும். மற்றொன்றுக்குக் கட்டடம் தெரியும், தெரு தெரியாது. அந்தத் தாய் இரண்டுக்கும் நடுவில், மதகின்மேல் நிற்கிறார்.

இந்த இரண்டையும் இணைக்கும் ஆணி அரசமைப்பிலேயே இருக்கிறது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவை ஆங்கில மூலத்தில் படித்தவர்கள் கவனித்திருக்கலாம். தீண்டாமையிலிருந்து எழும் எந்தத் தடையையும் வலிந்து சுமத்துவது குற்றம் என்னும் அந்த வாக்கியத்தில் ‘தடை’ என்பதற்கு இருக்கும் சொல் ‘டிஸெபிலிட்டி’. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பெயரில் இருப்பதும் அதே சொல். அது சட்டத்துறையின் பழைய வழக்கு, உடற்குறை என்ற பொருளில் வரவில்லை என்று ஆசிரியர்கள் வகுப்பில் சொல்வார்கள். சரி. ஆனால் அது சொல்லும் உண்மை என்ன? கிணற்றில் நீர் எடுக்க முடியாமை அந்த மனிதரின் உடலில் இல்லை. அவரைச் சுற்றிச் சமூகம் எழுப்பிய அமைப்பில் இருக்கிறது. படியேற முடியாமை காலில் இல்லை, படியில் இருக்கிறது என்று மாற்றுத்திறனாளிகள் இயக்கம் பின்னர் பல பத்தாண்டுகள் வாதாடி நிலைநாட்டியதும் இதைத்தான். தீண்டாமையைப் பொறுத்தவரை அந்த அறிவு 1950லேயே நம் அரசமைப்பில் எழுதப்பட்டுவிட்டது.

பாதிக்கப்பட்டவர்கள் ஒரு சிலரே என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். மொத்த மக்களில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே அது 2.45 விழுக்காடு. சத்துக் குறைவு, கவனிப்பில்லாத பேறுகாலம், பாதுகாப்பற்ற வேலை, தாமதமான மருத்துவம் ஆகியவை எந்தத் தெருக்களில் அதிகமோ அந்தத் தெருக்களில் இதுவும் அதிகம்.

உச்ச நீதிமன்றம் இதை உணராமல் இல்லை. 2021 ஏப்ரல் 27 அன்று பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற, பட்டியல் சாதிப் பெண் ஒருவர்மீதான பாலியல் வன்கொடுமையை விசாரித்த நீதிபதிகள் சாதி, பாலினம், மாற்றுத்திறன் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவாக்கும் ஒடுக்குமுறையைப் பற்றி விரிவாகவே எழுதினார்கள். சட்டக் கல்லூரிகளில் அந்தப் பக்கங்கள் மேற்கோள் காட்டப்படுகின்றன. அதே தீர்ப்பில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழான தண்டனை நீக்கப்பட்டது என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை உறுதியானது. ஆனால் அந்தக் குற்றம் அவருடைய சாதியின் காரணமாகவே நடந்தது என்று அன்றைய சட்டத்தின் சொற்கள் கோரிய அளவுக்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கண்டது. பலமுனை ஒடுக்குமுறை என்று தீர்ப்பின் முற்பகுதி ஏற்றுக்கொண்டது. பிற்பகுதியில் ஒருமுனைச் சான்று கேட்கப்பட்டது. ‘பிரிச்சு சொல்’ என்று நான் அந்தத் தாயிடம் கேட்டதும் இதே அசட்டுத்தனம்தான்.

வீட்டுக்கே வருகிறது என்றால்

அதிகாரிகளிடம் இதையெல்லாம் பேசினால் பெரும்பாலும் கிடைக்கும் விடை, ‘வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே’ என்பது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் குடிமைப் பொருட்களை வீட்டிலேயே வழங்குகிறது. நல்ல திட்டம். அரசு மனம் வைத்தால் சேவையை மக்களிடம் நகர்த்த முடியும், நிலைத்த கடையும் நிலைத்த வரிசையும் இயற்கை விதிகள் அல்ல என்பதை அது காட்டிவிட்டது. படுக்கையில் இருப்பவருக்கு அது உயிர்.

அரிசிக்குப் பொருந்துவது அங்கன்வாடிக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோதே ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஆறு சேவைகள் இருந்தன. உணவு அவற்றில் ஒன்று. முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கான பரிந்துரை, தாய்மார்களுக்கான உடல்நலக் கல்வி ஆகியவை மற்றவை. பொட்டலம் வீட்டுக்கு வந்துவிட்டால் இவற்றில் எத்தனை கூட வரும்? குழந்தை பிற குழந்தைகளோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே குண்டானிலிருந்து சாப்பிடுவது எந்தப் பொட்டலத்தில் வரும்?

அதோடு, ‘நீ இங்கே வர வேண்டாம், உனக்குரியது உன்னிடம் வந்துவிடும்’ என்ற வாக்கியம் நமக்குப் புதியதல்ல. விருந்து வீட்டுக்கு வெளியே ஏனம் ஏந்தி நின்றவர்களின் பிள்ளைகள் நாம். களத்துமேட்டின் ஓரத்தில் படியளக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். மாற்றுத்திறனாளிக்குச் சலுகையாகத் தரப்படும் ஓர் ஏற்பாடு, தலித் மாற்றுத்திறனாளியிடம் வரும்போது பழைய விலக்கத்தின் புதிய பெயராகிவிடக்கூடும். வீட்டுக்கு வரும் சேவை அவர் தேர்ந்தெடுத்தால் உரிமை. வேறு வழியே இல்லாமல் அதுவே விதியானால் அது மதகுதான், சற்று அருகில் கட்டப்பட்ட மதகு.

சரி, சட்டத்தை வைத்து என்ன செய்யலாம்? நான் இப்போது இரண்டு சட்டங்களையும் ஒரே மனுவில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலர் உண்டு (15ஆம் பிரிவு). அவருக்கு மேல் மாநில உணவு ஆணையம் உண்டு (16ஆம் பிரிவு). அங்கே ‘உள்ளூர்’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்க வேண்டும். முடிந்துபோன வழக்கின் இடைக்கால ஆணைகளை இன்று அப்படியே நிறைவேற்றக் கோருவது எளிதல்ல என்பதை அறிவேன். ஆனால் வரையறுக்கப்படாத ஒரு சொல்லுக்குப் பொருள் காண, 2004, 2006 ஆணைகளைவிடச் சிறந்த துணை வேறில்லை. அதே மனுவில் 45ஆம் பிரிவின் முடிந்துபோன கெடுவையும் சொல்லி, புதிய மையத்தின் இடத்தேர்வே ஒரு நியாயமான இணக்க ஏற்பாடு என்று வாதிடலாம். சாய்தளம் மட்டுமல்ல, காலனியின் நடுவில் அமையும் மனையும் ஓர் அணுகல் வசதிதான். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்திடமும் இரண்டு வெவ்வேறு மனுக்களாக இல்லாமல் ஒரே மனுவின் பிரதிகளாகக் கொடுத்தால், ‘அது அவர்கள் துறை’ என்று கைகழுவ இடம் குறையும்.

யாராவது வாய்விட்டுத் தடுக்கும் நிலை வந்தால் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவை மறக்கக்கூடாது. குற்றமாகக் கருதத்தக்க செயல் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் தொடர்பாக நடந்திருந்தால், அது தீண்டாமையின் அடிப்படையில் நடந்ததாகவே நீதிமன்றம் ஊகிக்க வேண்டும். இல்லை என்று மெய்ப்பிப்பது மறுதரப்பின் பொறுப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் வெளிச்சத்தில் இந்தப் பழைய சட்டம் மங்கிப்போய்விட்டது. எடுத்துத் துடைத்தால் இன்னும் வெட்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தமிழ்நாடு அரசு 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தருகிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 24ஆம் பிரிவோ, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி மற்றவர்களுக்கான இணைத் திட்டத்தைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. கணக்குப் போட்டால் 22,500 ரூபாய். அந்தப் பிரிவு ‘பொருளாதார இயலுமைக்கு உட்பட்டு’ என்றும் சொல்வதால் அரசுத் தரப்பு மறுத்து வாதிடும். மகப்பேறு உதவி சமூகப் பாதுகாப்பு ஆகாது என்றும் சொல்லக்கூடும். ஆகும் என்பதே என் நிலைப்பாடு. 1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசியபோது, பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது, அந்தச் சுமையில் அரசுக்கும் பங்குண்டு என்ற அடிப்படையில்தான் பேசினார். அதைத் தருமமாக அவர் கேட்கவில்லை.

நம் பக்கத்தைப் பற்றியும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. அம்பேத்கர் பிறந்தநாள் கருத்தரங்குகளை நாம் மாடியில் இருக்கும் மண்டபங்களில்தான் நடத்துகிறோம், வாடகை குறைவு. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளின் கூட்டங்களிலோ சாதி என்ற சொல் எழுந்தால் ‘இங்கே எல்லோரும் ஒன்றுதான்’ என்று அமர்த்திவிடுகிறார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, நியாய விலைக் கடை மட்டம் வரையிலான கண்காணிப்புக் குழுக்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய இடம் தரவேண்டும் என்று எல்லோரையும் ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்திருக்கிறது. உங்கள் கடையில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சட்டத்தின் வாக்கியத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் கூட்டங்களில் இன்னும் ஒன்றாக உட்காரவில்லை.

அந்தக் காலனியில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீடு வீடாகச் சென்று எண்ணினோம். 43 பேர். கிராம சபையில் காலனிக்குத் தனி மையம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவரப்பட்டபோது, ‘ஒரே ஊருக்கு எதுக்கு ரெண்டு அங்கன்வாடி’ என்று ஒருவர் எழுந்து கேட்டார். காலனியை ஊர் என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்கிறோம் என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. தீர்மானம் குறிப்பேட்டில் ஏறியிருக்கிறது. இடைக்கால ஏற்பாடாக, முகச் சரிபார்ப்புக்குப் பணியாளர் அந்தத் தாயின் வீட்டு வாசலுக்கே வர வேண்டும் என்றும், வர இயலாத மாதத்தில் அவர் பெயர் குறிப்பிடுபவரிடம் பொட்டலத்தைத் தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். மனு குறைதீர்ப்பு அலுவலரிடம் நிலுவையில் இருக்கிறது. குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது.